பல்லும் இனிப்பும்

குளிர்காலத்தில் துவாரகாக் கடைகளில் கஜக்கும் ரேவடியும் குவிகின்றன. குழந்தைகள் மாலை முழுதும் கொறிக்கின்றனர். "சிறிதளவுதானே" என்று பெற்றோர் அமைதி கொள்கின்றனர்.

அளவினும் முறையே முக்கியம் என்பதை, ஸ்வீடனின் விபெஹோல்ம் மருத்துவமனை ஆய்வு 1954-இல் காட்டிற்று. மனவளம் குன்றியோரை அவ்வாறு சோதித்தது அறமன்று. ஆயினும் அதன் உண்மை நிலைத்தது. உணவோடு உண்ட சர்க்கரை மிகுந்த தீங்கு செய்யவில்லை. இடைவேளைகளில் தின்ற ஒட்டும் மிட்டாய்களே சொத்தையைப் பெருக்கின. ஒவ்வொரு முறையும் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லின் எனாமலை அரிக்கின்றன. உமிழ்நீர் அவ்வமிலத்தைத் தணிக்க அரைமணிக்கு மேலும் ஆகலாம். ஓயாது கொறிப்பவர் பல்லுக்கு அந்த ஓய்வேது?

ஆகவே இனிப்பை உணவோடு முடித்துவிடுங்கள். இடையில் பசித்தால் கொய்யா கொடுங்கள். 'சி' வைட்டமின் மிகக் குறைந்தால் ஈறு வீங்கி இரத்தம் கசியும்; கொய்யாவில் அது நிறைய உண்டு.