ஆயிரம் ரூபாயும் முப்பதாம் பிரிவும்

அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பை நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் செல்லாததாக்கியபோது நம் சமுதாயம் மகிழ்ந்தது. மகிழத்தக்க தீர்ப்புத்தான். ஆனால் அலிகரைப் பற்றிப் பேசியதில் நூற்றில் ஒரு பங்கேனும், 2022 நவம்பரில் நம் கையைவிட்டுப் போன ஒன்றைப் பற்றி நாம் பேசியதுண்டா?

அந்த மாதத்தில்தான், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகையை ஒன்றிய அரசு நிறுத்தியது. சச்சார் குழுவின் அறிக்கை 2006இல் வெளிவந்த பின்னர், 2008இல் தொடங்கிய திட்டம் அது. ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு மட்டுமே உரியது. முப்பது விழுக்காடு பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்தது. அடுத்த மாதமே மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும் நிறுத்தப்பட்டது. அதற்காவது பல்கலைக்கழக மாணவர்கள் குரல் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்காகக் குரல் கொடுத்தவர் யார்?

"ஆயிரம் ரூபாய் ஒரு பெரிய தொகையா?" என்று கேட்பவர்கள் கோவில்பட்டிப் பக்கம் வந்து பார்க்கட்டும். மேலப்பாளையம், காயல்பட்டினம் போல முஸ்லிம்கள் திரண்டு வாழும் ஊரன்று இது. மழையை நம்பிய கரிசல் பூமி. வானம் பொய்த்தால் வீட்டுக்கு அடுப்பெரிக்கும் கூலி தீப்பெட்டிதான். அரசியல் சாசனத்தின் முப்பதாம் பிரிவு, கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்கு அளிக்கிறது. வாணியம்பாடியில் 1919லேயே இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. அங்கே ஆள்பலமும் பொருள்பலமும் இருந்தன. சிதறிக் கிடக்கும் சில குடும்பங்கள் எந்தக் கல்லூரியை நிறுவும்? அவர்களைப் பொறுத்தவரை அந்த உரிமையின் கைக்கெட்டிய வடிவம் இந்த உதவித்தொகை ஒன்றே.

நிறுத்தியதற்கு அரசு சொன்ன காரணத்தையும் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை இலவசக் கல்வி அளிக்கிறது. ஆகவே உதவித்தொகை தேவையில்லையாம். பள்ளிக் கட்டணம் இல்லாமற்போனால் வறுமையும் இல்லாமற்போகும் என்று எண்ணுபவர்களுக்கு இந்தத் தீப்பெட்டிச் சீமையின் வரலாறு தெரியாது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் உழைத்தது பற்றிய வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த வேண்டும். அதன் வருவாய் அக்குழந்தைக்குப் பயன்பட வேண்டும் என்றது. பள்ளிக் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, பிள்ளை பள்ளிக்குப் போவதால் வீடு இழக்கும் கூலியையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அன்றே நீதிபதிகளுக்குப் புரிந்திருந்தது. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து அமைச்சகத்திற்குப் புரியவில்லை.

இதைவிடப் பெரிய முரண் ஒன்றுண்டு. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014 மே மாதத்தில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரியா என்று 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் ஐயம் எழுப்பித் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் 2022இல் அது முழு வலுவோடு இருந்தது. எந்தப் பள்ளிக்குப் பொருந்தாதோ அந்தப் பள்ளியில் பயிலும் பிள்ளையின் உதவித்தொகையையும் அதே சட்டத்தைக் காட்டியே நிறுத்தினார்கள்.

முப்பதாம் பிரிவு மதச் சிறுபான்மையினரையும் மொழிச் சிறுபான்மையினரையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேசுகிறது என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். கோவில்பட்டியில் நம் அண்டை வீட்டார் பலர் வீட்டுக்குள் தெலுங்கு பேசுபவர்கள். இடைசெவலில் பிறந்து, 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற கி. ராஜநாராயணனின் வீட்டு மொழியும் தெலுங்கே. கரிசல் தமிழுக்கு அவர் செய்தது ஊரறியும். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தால் சிறுபான்மை மொழிப் பிள்ளைகளின் தாய்மொழி விருப்பப் பாடமாகச் சுருங்கியது. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்விலிருந்து விலக்குக் கேட்டு அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியதாயிற்று. 2023 பிப்ரவரியில் ஓராண்டு விலக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் வாழும் பிள்ளை தமிழ் கற்கத்தான் வேண்டும். அதில் எனக்கு இரு கருத்தில்லை. அதற்கு விலையாகத் தாய்மொழியை ஏன் கேட்க வேண்டும்? "நமக்குத் தமிழ்தானே தாய்மொழி, அது அவர்கள் பாடு" என்று ஒதுங்குவோர், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் நம் சகோதரர்களை எந்தப் பக்கம் நிறுத்துவார்கள்? 1949இல் அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காக வாதாடிய காயிதே மில்லத், இதே தெற்கத்திச் சீமையின் பேட்டையில் பிறந்தவர். மொழி உரிமை நமக்கு அயலான பேச்சன்று.

வெளியே கேட்கும் கேள்வியை உள்ளேயும் கேட்க வேண்டும். தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களை அரசு ஒதுக்கீட்டுக்கு அளிக்க வேண்டும். சிறுபான்மைத் தகுதி பெற்றவை 50 அளித்தால் போதும். அந்தப் பதினைந்து விழுக்காடு யாருடைய உரிமை? நிர்வாகியின் சொத்தா, சமுதாயத்தின் அமானிதமா? அந்த இடங்களில் எத்தனை, கட்டணமின்றி ஏழைப் பிள்ளைகளுக்குப் போயின என்று ஆண்டுதோறும் அறிவிக்கும்படி நம் கல்லூரிகளை ஜமாஅத்துகள் கேட்கட்டும். கணக்குக் காட்டக் கூசுபவர்கள் முப்பதாம் பிரிவின் பெயரால் நீதிமன்றம் ஏறுவது வெட்கக்கேடு.

மாநில அரசோ வக்ஃப் வாரியமோ பைத்துல்மாலோ அந்த ஆயிரம் ரூபாயை ஈடுகட்டினால் நல்லதே. பிள்ளைகள் காத்திருக்க முடியாது. ஆயினும் ஜகாத் கொடுத்துவிட்டதால் ஒன்றிய அரசின் பொறுப்பு தீர்ந்துவிடாது. ஜூனில் பள்ளி திறக்குமுன் ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் எட்டாம் வகுப்பு வரை பயிலும் ஏழைப் பிள்ளைகளின் பட்டியலை எடுக்கட்டும். உதவித்தொகையை மீண்டும் வழங்கக் கோரும் மனுவோடு அதை மாவட்ட ஆட்சியரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கொடுக்கட்டும். 1996, 2014 தீர்ப்புகள் இரண்டும் அந்த மனுவின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.