முட்டி தேய 60 வயசு ஆகணுமா?

இந்த வாரம் விதை, உரம், மழை எதுவும் இல்லை. முட்டியைப் பத்தி எழுதுறேன்.

நடவு, களை, கரும்பு வெட்டு, மல்லாட்டை பிடுங்குறதுன்னு நம்ம வேலையில பாதி குனிஞ்சு, மீதி குந்தி. எங்க கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் 45 வயசைத் தாண்டினவங்க வரப்பு ஏறுறதைப் பாருங்க. கையை முட்டியில ஊன்றித்தான் ஏறுவாங்க. விருத்தாசலம் பீங்கான் பேட்டையில வேலை செய்யுறவங்களைக் கேட்டாலும் இதே பாட்டுதான்.

வலின்னு போனா, "கீழ உட்காராதீங்க, ஒரு பெல்ட் வாங்கி மாட்டிக்குங்க"ன்னு அனுப்பிடுறாங்க. கீழ உட்காராம களை எடுக்கிற வித்தையை யாரும் சொல்லித் தரலை. சரி, பெல்ட்டாவது ஒழுங்கா கிடைக்குதா? கடையில "மீடியமா, லார்ஜா?"ங்கிறாங்க. சட்டையா வாங்க வந்தோம்?

உறை மாதிரி இழுத்து மாட்டுற நீ கேப் வேற, ரெண்டு பக்கமும் கீல் வச்ச நீ பிரேஸ் வேற. உறை கதகதப்பு தரும், கொஞ்சம் இதமா இருக்கும், அவ்வளவுதான். ஜவ்வு கிழிஞ்சோ தேய்மானத்தாலோ முட்டி பக்கவாட்டுல ஆடுதுன்னா, அதைப் பிடிச்சு நிறுத்துறது கீல் வச்சதுதான். சிலதுல கால் எத்தனை டிகிரி மடங்கலாம், எத்தனை டிகிரி நீளலாம்னு திருகி வைக்கவும் வழி உண்டு. அந்த அளவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், கடைக்காரர் இல்லை.

தச்சு ஆசாரியைக் கேளுங்க. கீல் அரை விரல்கடை தள்ளிப் போனாலும் கதவு இறுகும். முட்டியும் அப்படித்தான். கீலோட நடு, முட்டியோட நடுவுக்கு நேரா நிக்கணும். தொடையையும் கெண்டைக்காலையும் டேப் வச்சு அளந்து வாங்கணும். போட்ட பிறகு கால் மரத்தாலோ வீங்கினாலோ உடனே தளர்த்திடணும். சரியா பொருந்தாதது நாலு எட்டுல கணுக்காலுக்கு இறங்கிடும். அப்புறம் அது பரண்லதான் கிடக்கும்.

"பெல்ட் போட்டா தசை சூம்பிடும்"னு பயமுறுத்துறவங்களும் உண்டு. பட்டையை மட்டுமே நம்பி காலை அசைக்காம இருந்தா அது நடக்கும். அறுவை செய்துகிட்டவங்க மருத்துவர் சொன்னபடி போடணும். மத்தவங்க வேலைக்குப் போட்டு, ஓய்வுல கழட்டி, நாற்காலியில உட்கார்ந்து காலை நீட்டி மடக்குற பயிற்சியைச் செய்யணும். தேய்ஞ்ச முட்டியைப் பட்டை வளர்த்துத் தராது. ஆட்டத்தையும் வலியையும் குறைச்சு, ஒரு ஆளை நடக்க வைக்கும். கூலிக்காரருக்கு அது சின்ன விஷயமா?

இப்ப அரசாங்கத்துக்கு வர்றேன். 2017 ஆகஸ்ட்ல செயற்கை முட்டிக்கு விலை உச்சவரம்பு வச்சாங்க, நல்லது. முதல்வர் காப்பீட்டுல முட்டி மாற்று அறுவை இருக்கு, அதுவும் நல்லது. ஆனா முட்டி அந்த நிலைக்குப் போறதுக்கு முன்னாடி? மத்திய அரசோட வயோஸ்ரீ திட்டம் 2017 ஏப்ரல்ல வந்தது. அதுல நீ பிரேஸ் இலவசம். ஆனா 60 வயசு முடிஞ்சிருக்கணும், வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கணும், இல்லன்னா மாச வருமானம் 15,000 ரூபாய்க்கு மேல போகக் கூடாது. ஏழைக்குத்தான்னு சொல்றது நியாயம். 60 வயசுங்கிறது யார் கணக்கு? 15 வயசுல சேத்துல இறங்கினவளோட முட்டி ஆதார் அட்டையைப் பார்த்தா தேயுது?

அளந்து செஞ்சு தர்ற அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் சென்னை கே.கே.நகர்ல இருக்கு. எங்களுக்கு அது 200 கிலோமீட்டருக்கு மேல. போக வர ரெண்டு நாள் கூலி போச்சு.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்லை. மாசத்துல ஒரு நாள் தாலுகா மருத்துவமனையில அளவெடுக்கிற ஒருத்தர் உட்காரட்டும். மருத்துவர் சீட்டு இருந்தா, வயசு பார்க்காம உழைக்கிற ஏழைக்குப் பட்டை கொடுக்கட்டும். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருது. அதே ஆளுங்க பட்டை பொருந்தியிருக்கான்னு ஒரு பார்வை பார்த்தா போதும்.

அடுத்த கிராம சபையில இதைத் தீர்மானமா எழுதச் சொல்லப் போறேன். உங்க ஊர்லயும் எழுதச் சொல்லுங்க. ரோடு, தெருவிளக்கு கேக்குறோம் இல்லையா? அந்த ரோட்டுல நடக்க முட்டி வேணும்ல.