மெய்நிகரில் மெய் எங்கே?

புதுப்பொருள் ஒன்று நாட்டினுள் வந்தால் அதற்கொரு தமிழ்ப்பெயர் சூட்டிவிட்டு நிம்மதி கொள்ளுதல் நம் வழக்கம். பெயர் பொருந்திற்றா என்று பின்னர்த் திரும்பிப் பார்ப்பவர் சிலரே. கணினி தோற்றுவிக்கும் மாயக் காட்சியைக் குறிக்க 'மெய்நிகர்' என்னும் சொல் இன்று பாடநூல்களிலும் செய்தித்தாள்களிலும் நிலைபெற்றுவிட்டது. செவிக்கு இனிய சொல், ஆக்கமும் செவ்விது. ஆயினும், 'மெய்' என்பதற்கு உண்மை என்பது ஒரு பொருளாயின் உடம்பு என்பது மற்றொரு பொருள். ஐம்பொறிகளை எண்ணத் தொடங்குவோர் மெய்யையே முதலில் வைப்பர். இவ்விரண்டாம் பொருளை மனத்திற் கொண்டு அக்கருவியை ஆராய்ந்தால், அது எதனைத் தருகின்றது, எதனைத் தாராது விடுகின்றது என்பது தெளிவாகும். அவ்வாராய்ச்சிக்கு வானூர்தி செலுத்தும் பயிற்சியினும் சிறந்த இடம் வேறில்லை.

இவ்வெண்ணத்தை என்னுள் எழுப்பியவன் கற்பிட்டிக் குடாநாட்டு மாணாக்கன் ஒருவன். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. கத்தாரில் தொழில் புரியும் தாய்மாமன் அவனுக்கு ஒரு மெய்நிகர்க் கண்ணாடியும் அதற்கேற்ற கணினியும் வாங்கிக் கொடுத்தார். அன்றுதொட்டு அவன் அப்பியாசக் கொப்பி ஒன்றில் நாள், புறப்பட்ட இடம், இறங்கிய இடம், சென்ற நேரம் என நான்கு நிரல் இட்டு, விமானிகளின் குறிப்பேட்டைப் போலவே எழுதி வருகின்றான். மேலட்டையில் 'பறந்த மணித்தியாலங்கள்' என்று தலைப்பும் இட்டிருந்தான். கூட்டிப் பார்த்தபோது நூற்றுக்கு மேல் இருந்தன. இஃது விளையாட்டளவில் நின்றிருந்தால் யான் பேனாவை எடுத்திரேன். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் படகையும் வெளியிணைப்பு இயந்திரத்தையும் விற்றுத் தன்னை விமானிப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டுமென்று தந்தையிடம் வாதாடத் தொடங்கிவிட்டான். பாதி வித்தை கைவந்துவிட்டது, மீதிப் பாதிக்கே பணம் வேண்டும் என்பது அவன் கணக்கு. தந்தையார் ஒருநாள் மாலை என்னிடம் வந்து, "ஐயா, பொடியன் சொல்றது சரிதானா?" என்று கேட்டார்.

மறுமொழி கூறுமுன் கண்ணாடியை அணிந்து பார்ப்பதே முறையென்று கருதினேன். மூக்குக் கண்ணாடியின்மேல் அதனை மாட்டுவதே ஒரு பாடு. எடை ஏறத்தாழ அரைக் கிலோ. ஒவ்வொரு கண்ணுக்கும் சிறிது வேறுபட்ட காட்சியை அது தனித்தனியே காட்டுதலால் ஆழமும் தொலைவும் உள்ளவாறே தோன்றுகின்றன; தலையைத் திருப்பினால் உலகமும் திரும்புகின்றது. 1968 இல் ஐவன் சதர்லாந்து என்னும் அமெரிக்க அறிஞர் இத்தகைய கருவியைச் செய்தபோது, அது கூரையிலிருந்து தொங்கவிடப்பட வேண்டியிருந்தது. இன்றோ பள்ளி மாணவன் படுக்கையறையில் அணிந்துகொள்கின்றான். மைக்ரோசொப்ட் நிறுவனம் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட பறத்தற் செயலி, அவ்வாண்டு டிசம்பரிலேயே இக்கண்ணாடிக்கும் இடமளித்தது.

அக்காட்சியின் சிறப்பை மறைத்துக் கூறுதல் அறமன்று. விமானியின் சிற்றறை தன் உண்மை அளவில் நம்மைச் சூழ்கின்றது. புத்தளக் களப்பு வலப்புறமும் பெருங்கடல் இடப்புறமும் கிடக்க, நடுவே குடாநாடு ஓர் ஓலைபோல வடக்கு நோக்கி நீள்கின்றது. தட்டைத் திரையில் ஓடுபாதை வெறும் படம். இங்கோ தோளுக்குப் பின்னே தலையைத் திருப்பி அதனைத் தேடலாம், நிலம் எவ்வளவு அணித்தே வந்துவிட்டது என்பதைக் கண்ணாலேயே அளக்கலாம். இதனைப் பயன்படுத்துவோர் பலரும் முதலிற் புகழ்வது இவ்விரண்டையுமே. அவர்கள் முறையிடும் குறைகளும் உண்டு. கருவிப் பலகையின் சிற்றெழுத்தைப் படிக்க முன்னே குனிய வேண்டும். தன் கையே தனக்குத் தெரியாமையால், விசைப்பலகையில் ஒரு விசையைத் தேடுதல் இருண்ட அடுக்களையில் உப்புச் சிரட்டை தேடுவது போலாகும். எங்கள் கரையோர வெக்கைக்கு வில்லை வியர்வையாற் புகைபடியும். இவையெல்லாம் காலப்போக்கில் தீரக்கூடியன. தீராத குறை ஒன்று உண்டு: அது குமட்டல்.

விமானத்தைச் சற்றே சரித்துத் திருப்பினேன். ஐந்தாம் நிமிடத்தில் நெற்றி வியர்த்தது. எட்டாம் நிமிடத்தில் கண்ணாடியைக் கழற்றினேன். மாணாக்கன் சிரித்துக்கொண்டே மின்விசிறியை என் முகத்துக்கு நேரே திருப்பி, "எல்லாருக்கும் முதலில் அப்படித்தான் ஐயா, தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும், வீம்புக்குத் தொடரக்கூடாது" என்றான். நல்ல உபாத்தியாயன். இதன் காரணத்தைக் கடற்றொழிலாளர்க்கு விளக்கவேண்டியதில்லை. படகின் உட்புறத்தை நோக்கியிருப்பவனுக்குக் கண் 'அசைவில்லை' என்று கூறும். காதினுள்ளே சமநிலை காக்கும் உறுப்பு 'அசைவுண்டு' என்று கூறும். இம்முரணால் வயிறு புரளும். ஆதலாற்றான் உடப்பிலும் கற்பிட்டியிலும் கடலுக்குப் புதியவனை அடிவானத்தைப் பார்க்கச் சொல்வர். கண்ணாடியிலோ முரண் தலைகீழானது: கண் பறக்கின்றது, உடம்பு நாற்காலியில் இருக்கின்றது. கண்ணும் செவியும் இசைந்த பொய்க்கு மெய் இசைய மறுத்து எழுப்பும் முறைப்பாடே அக்குமட்டல்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்குமிடத்து முதலில் வைத்தது தொடுவுணர்வை. கண் நான்காவது, செவி ஐந்தாவது. புல்லுக்கும் மரத்துக்கும் உரியதென அவர் கூறிய அம்முதலறிவையே இவ்வளவு நுட்பமான கருவியால் தர இயலவில்லை. புறநானூற்றின் 27 ஆம் பாட்டில் வலவன் செலுத்தாத வானவூர்தி ஒன்று பேசப்படும். இங்கே வலவன் இருக்கின்றான், ஊர்திதான் இல்லை.

விமானப் பயிற்சிப் பொறியின் வரலாறும் இதனையே காட்டும். 1929 இல் எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர் முதற் பொறியைச் செய்து முடித்தார். அவர் குடும்பத்தார் பியானோவும் ஓகன் வாத்தியமும் செய்வோர். வாத்தியத்துக்குக் காற்றூட்டும் துருத்தியைக் கொண்டே அவர் அச்சிறு பொறியைச் சரியவும் நிமிரவும் திரும்பவும் செய்தார். உள்ளே அமர்ந்தவனைக் கூரை மூடிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உடம்பு அசையும், கண் கருவி முள்ளை மட்டும் காணும். 1934 இல் அமெரிக்க இராணுவ விமானப் பிரிவினர் தபால் சுமக்கப் புகுந்து, தீய வானிலையிற் பலரை இழந்த பின்னரே ஆறு பொறிகளை வாங்கினர். இரண்டாம் உலகப் போரில் அது நாடெங்கும் பரவிற்று. அன்றைய பொறி மெய்யைத் தந்து காட்சியை மறைத்தது. இன்றைய கண்ணாடி காட்சியைத் தந்து மெய்யை மறக்கின்றது.

அதே போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமான நிலையம் ஒன்று நம் புத்தளத்திலேயே இருந்தது. 'ராஜாளிய' என்பது அதன் பெயர். கழுகைக் குறிக்கும் சிங்களச் சொல், நம் இராசாளிக்கு உறவு. அங்கே விமானங்களை இழுத்து நகர்த்த யானையைப் பயன்படுத்தினர். அதன் படம் இன்றும் காணக்கிடைக்கின்றது. என் மாணாக்கனின் விமானம் நூறு மணித்தியாலத்தில் ஒருமுறையேனும் யானையை வேண்டியதில்லை. சேறு, எடை, காற்றின் உதை, இறங்குங்கால் முதுகெலும்பில் ஏறும் அதிர்ச்சி ஆகிய இவை யாவும் அவன் கொப்பியில் நிரல் பெறாதவை.

இதனைக் கூறியபோது அவன் ஒரு தடை எழுப்பினான், நல்ல தடை. "மேகத்தினுள்ளே உடம்பை நம்பக்கூடாது, கருவியைத்தான் நம்ப வேண்டும் என்றல்லவா விமானிக்குக் கற்பிக்கிறார்கள்? அப்படியானால் உடம்பு இல்லாமற் பயில்வது இலாபந்தானே ஐயா?" உண்மை. அடிவானம் மறைந்தபின், மெல்லச் சுழலும் விமானத்தையும் நேரே செல்வதாக உடம்பு உணர்த்தும். அதனை நம்பி மாண்டோர் பலர். ஆயின் பொய்ச்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யப் பழக வேண்டுமானால், அச்சாட்சி முதலிற் கூண்டில் ஏறவேண்டும். நாற்காலியில் அமர்ந்தவனுக்கு அவன் உடம்பு அந்தப் பொய்யைக் கூறுவதேயில்லை. கூறாத பொய்யை வெல்லுதல் எங்ஙனம்?

நிற்க. கண்ணுக்குக் காட்டப்படுவதிலும் எத்துணை உண்மை உண்டென்பது மற்றொரு வினா. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல புத்தளத்தில் வாழ்கின்றன. அவர்களுள் ஒரு முதியவர், மன்னார்ப் பகுதியைச் சேர்ந்தவர், கண்ணாடியின் செய்தி கேட்டு வந்தார். மாணாக்கன் அவரைக் களப்பின்மேலிருந்து வடக்கே கொண்டு சென்றான். வில்பத்துக் காட்டோரமும் குதிரைமலை முனையும் வந்தபோது அவர் கை தானாக நீண்டது. "இதுதான், இதுதான், கொஞ்சம் பதிஞ்சு போ மகன்" என்றார். தம் ஊரை அடைந்ததும் அவர் பேசவில்லை. கரை அவர் கரைதான். வீடுகள் மட்டும் யாருடையவோ.

காரணம் எளிது. அச்செயலியிலுள்ள கட்டிடங்களுட் பெரும்பாலானவை ஒருவரும் அளந்து வரைந்தவையல்ல. செய்மதிப் படத்திற் கூரையைக் கண்டு, சுவரும் சாளரமும் இவ்வாறிருக்கலாம் என்று கணினி ஊகித்து எழுப்பியவை. ஒஸ்திரிய நிறுவனம் ஒன்று இவ்வாறு ஏறத்தாழ 150 கோடிக் கட்டிடங்களை எழுப்பியது. 2020 இல் மெல்பேண் நகரின் புறத்தே 212 மாடிக் கோபுரம் ஒன்று தோன்றி உலகையே சிரிக்க வைத்தது. பொது நிலப்படத்தில் ஒருவர் 2 என்பதற்கு 212 என்று விசை தட்டிவிட்டார். கணினி மறுபேச்சின்றிக் கட்டிவிட்டது. ஏடெழுதுவோர் செய்த பிழையை மூலபாடமென்று கொண்டு உரை வகுத்தாரை நம் இலக்கிய உலகமும் அறியும். மெல்பேணில் அது நகைப்பு. எங்கள் முதியவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "பள்ளிவாசலடியில் ஒரு வேம்பு நின்றது" என்று மட்டும் கூறினார்.

பழைமை பேசுவோன் ஆதலாற் புதுமையைப் பழிக்கின்றேன் என்று எவரும் கருதற்க. ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு நிறுவனம் 2021 ஏப்ரிலில் மெய்நிகர்க் கண்ணாடியோடு கூடிய பயிற்சிப் பொறியொன்றுக்கு முதன்முறையாக அங்கீகாரம் அளித்தது. ரொபின்சன் ஆர்-22 என்னும் சிறு உலங்கு வானூர்திக்கான சுவிற்சர்லாந்துப் பொறி அது. நிலத்தருகே அசையாது மிதக்கப் பழகுவோனுக்கு ஆழக்காட்சி இன்றியமையாதது என்பது உண்மையே. ஆயின் அப்பொறியிற் கண்ணாடி தனித்து நிற்கவில்லை. அமர்ந்திருப்பவனின் உடம்பைச் சரித்தும் உயர்த்தியும் அசைக்கும் மேடையும் உடன் உண்டு. அங்கீகாரம் பெற்ற பொறியில், உரிய பயிற்றுநர் முன்னிலையிற் செலவிடும் நேரத்திற்கே மதிப்பு. படுக்கையறை மணித்தியாலங்கள் விமானி உரிமத்திற்குரிய கணக்கில் ஏறா.

செலவையும் எண்ண வேண்டும். 2020 இன் இறுதியில் வெளிவந்து, பறத்தற் பயிற்சியினர் பெரிதும் விரும்பி வாங்கிய கண்ணாடி ஒன்று, அதற்கு ஆதாரமான மென்பொருளை 2024 இல் விண்டோசிலிருந்து நீக்கிவிட்டமையால், புதிய பதிப்பை ஏற்ற கணினிகளிற் பயனற்றுப்போயிற்று. ஓலைச்சுவடியைச் செல் அரிக்கவும் இதனினும் அதிக காலம் செல்லும்.

தந்தையாரிடம் யான் கூறியது இது: பொடியன் கற்றது பொய்யன்று, பாதியுமன்று. புறப்படுமுன் செய்யவேண்டியவற்றை வரிசை பிறழாமற் சொல்கின்றான், நிலப்படம் படிக்கின்றான், காற்றின் திசையை அறிந்து ஓடுபாதை தெரிகின்றான், அறிவுறுத்தற் கையேட்டைப் படிப்பதற்காகவே ஆங்கிலம் கற்றுவிட்டான். இவற்றைக் கண் கற்பிக்கும். மற்றவற்றுக்கு, படகை விற்குமுன் மருத்துவர் அவன் கண்ணையும் செவியையும் பார்க்கட்டும். பிறகு இரத்மலானையிலுள்ள பறத்தற் பாடசாலை ஒன்றில் பயிற்றுநரோடு ஒரே ஒருமுறை ஏறி இறங்கட்டும். அந்த ஒரு மணித்தியாலத்தின் பின்னும் அவன் ஆசை நின்றால் படகைப்பற்றிப் பேசுவோம்.

மாணாக்கனிடம் கேட்டது ஒன்றே: கொப்பியின் மேலட்டையைத் திருத்த வேண்டும் என்றேன். 'பறந்த மணித்தியாலங்கள்' என்பதை அடித்துவிட்டு 'பார்த்த மணித்தியாலங்கள்' என்று எழுதினான். சிறிது முகம் வாடினான். மறுநாள் வந்து, "மெய்நிகர் என்பது பிழையென்றால் வேறு என்ன பெயர் ஐயா? கண்ணூர்தி என்று வைக்கலாமா?" என்றான். கண்ணால் ஊரும் ஊர்தி என விரித்தால் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாம். இலக்கணத்தில் வழு இல்லை. கலைச்சொல் ஆக்குவோர் கருத்தை அறிய விரும்புகின்றேன்.