பெயின்ட்தானே என்று விட்டுவிடலாமா?



சென்ற மாதம் கொட்டாஞ்சேனையில் ஓர் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். வன்னியிலிருந்து வந்தவர். 2009 இல் காணாமற்போன கணவரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. துறைமுகப் பக்கத்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். சங்கிலியை அடகு வைத்து, மிகுதிக்கு லீசிங் போட்டு, புதிய ஸ்கூட்டர் ஒன்று எடுத்திருந்தார்.

ஆறு கிழமைதான். பக்கத் தகட்டில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கடைக்காரர், "கடற்காற்றும் மழையும்தான் காரணம், நாங்கள் பொறுப்பில்லை" என்று அனுப்பிவிட்டாராம்.

"எவ்வளவையோ இழந்திட்டம் மிஸ். இந்தப் பெயின்ட்டுக்குப் போய் ஆரோடை சண்டை பிடிக்கிறது?" என்றார் அக்கா.

அந்தச் சொல் என்னை உறுத்தியது. பெரிய இழப்புக்கு நியாயம் கிடைக்காதவர்கள் சிறிய நியாயத்தையும் கேட்காமல் விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தத் தகட்டுக்கும் சேர்த்துத்தான் அவர் மாதாமாதம் தவணை கட்டுகிறார்.

தெரிந்த பெயின்ட் பாஸ் ஒருவரிடம் வண்டியைக் காட்டினோம். கல் பட்டால் அந்த இடத்தில் வெட்டுக் காயம் தெரியும், அதிலிருந்துதான் துரு பரவும் என்றார். காயமே இல்லாமல் உள்ளிருந்து கொப்புளித்தால், பெயின்ட் அடிக்கும்போதே தகட்டில் ஈரமோ எண்ணெயோ துருவோ இருந்திருக்கலாம். உப்புக்காற்று துருவை விரைவுபடுத்தும் என்பது உண்மைதான். ஆனால் ஒழுங்காகப் பூசிய பெயின்ட் ஆறு கிழமையில் இப்படி எழும்பாது. கால் வைக்கும் இடத்தில் இருந்த கீறல் மட்டும் கல் பட்டது என்றார். அதை நாங்கள் முறைப்பாட்டில் சேர்க்கவில்லை.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

சுரண்டவோ, வெளியில் கொடுத்துப் பெயின்ட் அடிக்கவோ வேண்டாம். சான்று அழிந்துவிடும். வேறு நிறம் அடித்தால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டிவரும்.

பகல் வெளிச்சத்தில் திகதியோடு படம் எடுங்கள். பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துங்கள்.

கடைக்குக் கடிதமாகக் கொடுத்து, பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். வாய்ப்பேச்சு பின்னர் நிற்காது.

கடை மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். விபரம் கேட்க 1977 என்ற இலக்கம் உண்டு. தமிழிலேயே எழுதலாம். தமிழிலேயே பதில் பெறுவதும் அரசியலமைப்பு தந்த உரிமை.

முக்கியமாக, கோபத்தில் லீசிங் தவணையை நிறுத்தாதீர்கள். வண்டியையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அக்கா தன் கையாலேயே கடிதம் எழுதினார். மூன்று தரம் கிழித்து, நான்காம் தரம் எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதிகாரசபை வரை போக வேண்டியிருக்கவில்லை. பத்தாம் நாள் கடையிலிருந்து அழைத்து, தங்கள் செலவிலேயே தகட்டை மாற்றிக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது அக்கா கேட்டார்: "மிஸ், என்ரை வாடகை வீட்டு முற்பணக் காசுக்கும் இப்பிடி ஒரு கடிதம் எழுதலாமோ?"

எழுதலாம் அக்கா. அதைப் பற்றி அடுத்த மாதம் பேசுவோம்.