'பாவம்' வேண்டாம், நாற்காலி கொடு!

"பாவம், காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கா." துணிக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. சொன்ன வாயே அடுத்த நொடி, "அந்த மேல் வரிசைப் புடவையை எடும்மா" என்கிறது.

தோழர்களே, அந்தப் 'பாவம்' என்ற சொல்லைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். இப்போது படும் துன்பம் முன்பு செய்த பாவத்தின் சம்பளம் என்ற கர்மக் கதைதான் உள்ளே சுருண்டு கிடக்கிறது. முதலாளி செய்யும் அநியாயம், நிற்கிறவரின் தலைவிதியாக மாறிவிடுகிறது. இரக்கப்பட்டவருக்கும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது.

போன வாரம் அம்மாவோடு தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போயிருந்தேன். ஒரு பெரிய கடையின் பட்டுப் பிரிவில் எங்களுக்கு மெத்தை இருக்கை. புடவை விரித்துக் காட்டிய தங்கை, ஒரு கால் மாற்றி ஒரு கால் ஊன்றி நின்றார். சூப்பர்வைசர் தலை தெரிந்ததும் இரண்டு கால்களும் நேராகின. "உட்கார ஸ்டூல் இல்லையாம்மா?" என்றேன். "இருக்குக்கா, குடோன்ல" என்றார்.

மாடிப்படித் திருப்பத்தில், கழிவறை சுத்தம் செய்யும் அம்மா துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊழியர்களுக்குச் சாப்பாட்டு அறை இருக்கிறது. "நான் அங்க போறதில்லம்மா" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. இந்த நாட்டில் அதைச் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

யார் உட்காரலாம், எங்கே உட்காரலாம் என்பதைச் சாதிதான் இங்கே தீர்மானித்து வந்திருக்கிறது. திண்ணையிலும் டீக்கடை பெஞ்சிலும் அதே கதைதான். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலித் பெண் ஊராட்சித் தலைவரையே கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். பதவி கிடைத்தும் நாற்காலி கிடைக்கவில்லை. ஊரில் பழகிய அதே கண்தான், நகரத்துக் கடையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரைப் பார்த்தும் உறுத்தாமல் கடந்து போகிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகத் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்கிறது அது. 'எல்லா' என்றால் துடைப்பம் பிடிப்பவரும்தான். ஆனால் அந்தச் சட்டமும் ஸ்டூலோடு சேர்ந்து குடோனில் கிடக்கிறது.

ஆகவே, அடுத்த முறை கடைக்குப் போகும்போது இரக்கத்தை வீட்டில் வைத்துவிட்டுக் கேள்வியை எடுத்துச் செல்லுங்கள். விற்பனைப் பெண்ணிடம் கேட்காதீர்கள், அவர் வேலைக்கு ஆபத்து. மேலாளரிடம் கேளுங்கள். "இவங்க இருக்கை எங்கே? துப்புரவுப் பணியாளர் எங்கே சாப்பிடுறாங்க?" பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறைக்குப் புகார் எழுதுங்கள். கடையின் பெயரை எழுதுங்கள், பணியாளரின் பெயரை எழுதாதீர்கள்.

நம் கண்ணீர் அவர்களுக்குத் தேவையில்லை. சட்டப்படி அவர்களுடையதான நாற்காலி வரட்டும்.