ஒரே ஒரு முகப்புக்கு மோல்டு எதற்கு?

கம்ப்யூட்டர் கேபினட்டுக்கு விருப்பப்பட்ட வடிவில் ஃபைபர் கிளாஸ் முகப்பு வேண்டுமானால், முதலில் மோல்டு செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே மாதிரி நூறு செய்பவருக்குத்தான் மோல்டு லாபம். ஒன்றே போதும் என்பவருக்கு அது இரட்டை வேலை என்பது என் கருத்து.

தெர்மோகோலை வேண்டிய வடிவில் செதுக்குங்கள். அதன் மேல் கண்ணாடி இழைத் துணியை இரண்டு மூன்று அடுக்காக விரித்து எபாக்ஸி ரெசின் பூசுங்கள். இறுகியதும் உப்புத்தாளால் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கலாம். அமெரிக்காவின் பர்ட் ரூட்டன் வடிவமைத்து 1975-ல் பறந்த வேரி-ஈஸி விமானமே இப்படி ஃபோம் மேல் இழை ஒட்டி, மோல்டு இல்லாமல் செய்யப்பட்டதுதான்.

விலை குறைவு என்று பாலியஸ்டர் ரெசின் வாங்கிவிடாதீர்கள். அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும்.

கேபினட் முழுவதையும் ஃபைபர் கிளாஸில் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். இரும்புக் கூடு மின்காந்த இரைச்சலைத் தடுக்கும். ஃபைபர் கிளாஸ் தடுக்காது. எனவே முகப்பை மட்டும் மாற்றுங்கள். ஃபேனுக்குக் காற்று போகும் வழியை அடைக்காதீர்கள்.

பூசுவதும் தேய்ப்பதும் படுக்கையறையில் வேண்டாம். காற்றோட்டமான வெளியிடத்தில், கையுறையும் முகமூடியும் அணிந்து செய்யுங்கள். கேபினட்டை மாற்றலாம், நுரையீரலை மாற்ற முடியுமா?