சொல்லின் பிறப்பும் சொல்லின் பொருளும்

தமிழ்க் கலைச்சொற்கள் திட்பமற்றவை; ஆதலின் அவை உயர்கல்விக்கு உதவா என்பர் சிலர். ‘நாடி’ என்பதையே எடுத்துக்கொள்வோம். குருதிக்குழாய், அதன் துடிப்பு, மோவாய் ஆகிய மூன்றையும் குறிக்கும் ஒரு சொல் எங்ஙனம் விஞ்ஞானச் சொல்லாகும் என அவர்கள் வினவலாம். வினா நியாயமானதே. ஆயின், அதே உரைகல்லில் ‘ஆட்டரி’ என்னும் ஆங்கிலச் சொல்லையும் உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

‘ஆட்டரி’யின் மூலமான கிரேக்கச் சொல் முதலிற் குறித்தது மூச்சுக்குழாயை. இறந்த உடலில் நாடிகள் பெரும்பாலும் குருதியின்றிக் காணப்படும். இதனாற் போலும், அவையும் காற்றைக் கொண்டுசெல்வன எனப் பண்டையோர் கருதினர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எரசிஸ்திராத்தசு என்னும் மருத்துவரும் அவ்வாறே கொண்டார். நாடியில் ஓடுவது குருதியே என்பதைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டிற் கேலன் சோதனையாற் காட்டினார். குருதிச் சுற்றோட்டத்தை விளக்கும் வில்லியம் ஹாவியின் நூல் 1628இல் வெளிவந்தது. கொள்கை வீழ்ந்தது, பெயர் வீழவில்லை. மூச்சுக்குழாயோ ‘கரடுமுரடான ஆட்டரி’ என வேறுபடுத்தப்பட்டு, ஈற்றில் அவ்வடைமொழி மாத்திரமே ‘ட்ரக்கியா’ என எஞ்சியது.

பிழையான கருத்தோடு பிணைந்திருந்த இப்பெயரால் மருத்துவம் தடைப்பட்டதா? இல்லை. இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டுசெல்லும் கலன் என்னும் வரைவிலக்கணமே அதற்குத் திட்பம் தந்தது. அவ்வரைவிலக்கணத்தை ‘நாடி’க்கும் வழங்கினால் அதுவும் அத்துணைத் திட்பமுடையதே. ட்ரக்கியாவைக் காட்டிலும் நமது ‘வாதனாளி’ தெளிவானது எனப் பெருமை பேசுதலும் இதே தவறின் மறுபக்கமாகும்.

வேர் தூயதன்று எனக் கூறி, வழக்கிலுள்ள சொற்களை ஓயாது மாற்ற முனைவோருக்கும் இது பொருந்தும். ஈழத்து மாணவன் ‘நாடி’, ‘நாளம்’ எனப் படிக்கின்றான். தமிழக மாணவன் ‘தமனி’, ‘சிரை’ எனப் படிக்கின்றான். ஒருவர் நூல் மற்றவர்க்கு அயலாகின்றது. இந்நிலையில் மூன்றாவது சொற்றொகுதி ஒன்று எதற்கு?

1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலே மருத்துவம் கற்பித்தார். 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் நூலையும் வெளியிட்டார். பழுதற்ற சொற்கள் பிறக்கட்டும் என அவர் காத்திருக்கவில்லை. உயர்தர வகுப்பு வரை தமிழில் உயிரியல் கற்று வரும் மாணவனிடம், “உன் மொழி இதற்குப் போதாது” என்பது மொழியாராய்ச்சியன்று. நமது சோம்பலுக்குக் கூறும் சாட்டு. சொற்கள் உள்ளன. அவற்றால் எழுதப்படவேண்டிய நூல்களே இல்லை.